முப்பது நொடி ஆட்டங்கள்

சாலையைக் கடக்க நிற்பவர்களிடம் சுமார் முப்பது நொடிவரை பொறுமை இருக்கும். அதைத் தாண்டினால் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி தேட ஆரம்பித்துவிடுவார்கள். போக்குவரத்துப் பொறியாளர்களின் கையேடுகளே ஒத்துக்கொண்ட விஷயம் இது. காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் வண்டிகள் தேங்கும். தடுப்பு வேலி போட்டால் ஏறிக் குதிப்பார்கள்.

ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் நகரில் வடிவமைப்புப் படித்த மாணவர்கள் வேறொரு வழி யோசித்தார்கள். சிக்னல் கம்பத்தில் பாதசாரிகள் அழுத்தும் பொத்தான் இருக்குமிடத்தில் ஒரு சின்னத் தொடுதிரை. எதிர்ப்பக்கக் கம்பத்தில் இன்னொன்று. சிவப்பு விழுந்ததும் திரையில் ஒரு பந்து ஓடும். இந்தப் பக்கம் நிற்பவர் விரலால் மட்டையை நகர்த்திப் பந்தைத் தட்டுவார். அந்தப் பக்கம் நிற்கும் முன்பின் தெரியாதவர் திருப்பித் தட்டுவார். சிவப்பு முடிய இன்னும் எத்தனை நேரம் என்பதையும் திரை காட்டும். பச்சை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. 2012இல் இந்தக் கற்பனையை ஒரு வீடியோவாக எடுத்து இணையத்தில் விட்டார்கள். உலகம் முழுக்கப் பரவியது. 2014இல் அதே ஊரின் ஒரு சந்திப்பில் கருவியை நிஜமாகவே பொருத்திவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். ஆடிய இருவரும் அடுத்த நொடியே சாலை நடுவில் எதிரெதிராக வந்தாக வேண்டும். யாரிடம் தோற்றோம் என்று முகம் பார்க்காமல் யாரால் போக முடியும்?

பொது இடங்களுக்கான விளையாட்டு வடிவமைப்பு என்று இன்று ஒரு துறையே வளர்ந்திருக்கிறது. பேருந்து நிறுத்தம், மெட்ரோ படிக்கட்டு, நடைபாதை, பூங்கா ஓரம் என்று யாரும் ஆடுவதற்காக வராத இடங்களில் ஆட்டத்தை வைப்பது அதன் வேலை. கேட்க எளிதாக இருக்கும். உண்மையில் வீட்டுக்குள் ஆடும் ஆட்டத்தைவிட இது பலமடங்கு கடினம்.

விதி சொல்லித்தர ஆள் இல்லை

கேரம் போர்டு வாங்கினால் கூடவே ஒரு விதிப்புத்தகம் வரும். அதைப் படிக்காதவருக்கு அண்ணனோ அத்தையோ சொல்லித்தருவார்கள். தெருவில் அதற்கு வழியில்லை. கையில் பை, காதில் போன், மனதில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். இப்படிப்பட்டவருக்கு ஆட்டம் இரண்டு மூன்று நொடிகளில், பார்த்த மாத்திரத்தில் விளங்க வேண்டும்.

ஹில்டஸ்ஹைம் மாணவர்கள் பந்தாட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1971இல் அமெரிக்காவில் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்ற வீடியோ விளையாட்டு இயந்திரம் வந்தது. ராக்கெட்டைத் திருப்ப, உந்த, சுட என்று தனித்தனிப் பொத்தான்கள். பொறியியல் மாணவர்களுக்குப் பிடித்தது. மதுக்கடைக்கு வந்த சாதாரண மனிதர்கள் திகைத்து நின்றார்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல் அடுத்த ஆண்டு அட்டாரி நிறுவனத்தின் வழியாக 'பாங்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தார். ஒரு பந்து, இரண்டு மட்டை, ஆளுக்கொரு குமிழ். இயந்திரத்தில் இருந்த குறிப்பின் சாரம், பந்தைத் தவறவிடாதே என்பதுதான். கலிஃபோர்னியாவின் சன்னிவேல் ஊரில் ஒரு மதுக்கடையில் சோதனைக்கு வைத்தார்கள். சில நாளில் இயந்திரம் ஓடவில்லை என்று கடைக்காரரிடமிருந்து புகார் வந்தது. திறந்து பார்த்தால் பழுது ஒன்றுமில்லை. காசுப்பெட்டி நிரம்பி வழிந்திருந்தது.

சேர்வது எளிதாக இருப்பதைப் போலவே விலகுவதும் எளிதாக இருக்க வேண்டும். பாதியில் போனால் எதிராளிக்கு நஷ்டம், அணிக்கு அவமானம் என்றால், தெருவில் போகிறவர் ஆட்டத்துக்குள் காலே வைக்க மாட்டார். சிக்னல் பந்தாட்டத்தில் முடிவை விளக்கே அறிவித்துவிடுகிறது. விட்டுவிட்டுப் போகிறோமே என்று யாரும் கூச வேண்டியதில்லை.

கூச்சம் என்னும் தடை

கூச்சம் என்றதும் நினைவுக்கு வருகிறது: பொது இட விளையாட்டின் முதல் எதிரி அதுதான். பெரியவர்களுக்கு ஆட ஆசை இல்லாமலில்லை. நாலு பேர் பார்க்கிறார்களே என்ற எண்ணம் காலைக் கட்டிவிடுகிறது.

ஹாரி பிரிக்னல், இவோன் ரோஜர்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதைக் கூர்ந்து கவனித்து 2003இல் எழுதினார்கள். ஆட்கள் கூடிப் பேசும் நிகழ்ச்சிகளில் ஒரு பெரிய திரையை வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் தன் கருத்தை அதில் தட்டச்சு செய்யலாம். வந்தவர்களின் நடத்தை மூன்று படிகளாகப் பிரிந்தது. முதலில் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பிறகு அருகில் வந்து நின்று அதைப் பற்றிப் பேசினார்கள். சிலர் மட்டும் கைவைத்தார்கள். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில்தான் பலர் நின்றுபோனார்கள். எப்படிச் செய்வது, எவ்வளவு நேரமாகும், தப்பாகிவிட்டால் சிரிப்பார்களா என்பவை அவர்களுடைய கேள்விகள். ஆனால் திரையைச் சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டால் கூட்டமே கூட்டத்தை இழுத்தது. ஆய்வாளர்கள் இதைத் தேன்குட விளைவு என்றார்கள்.

கூட்டம் கூட்டத்தை எவ்வளவு இழுக்கும்? இதை உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் அவருடைய சகாக்களும் நியூயார்க் நடைபாதையில் அளந்து 1969இல் வெளியிட்டார்கள். ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் நடைபாதையில் நின்று எதிர்க் கட்டடத்தின் ஆறாம் மாடி ஜன்னலை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்ப்பார். அவ்வளவுதான் சோதனை. ஒருவர் மட்டும் பார்த்தபோது வழிப்போக்கர்களில் 42 சதவீதம் பேர் தாங்களும் தலையைத் தூக்கினார்கள். நின்றே விட்டவர்கள் வெறும் 4 சதவீதம். பதினைந்து பேர் நின்று பார்த்தபோது தலை தூக்கியவர்கள் 86 சதவீதம், நின்றவர்கள் 40 சதவீதம். தலையைத் தூக்குவதற்குச் செலவில்லை. ஒரே ஆள் அதைச் செய்ய வைத்துவிடுகிறார். நடையை நிறுத்துவதற்குச் செலவு உண்டு. அதற்குத் துணை தேவைப்படுகிறது.

வடிவமைப்பவருக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. ஆடுகிறவர் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். ஆட்டம் சின்னத் திரைக்குள்ளோ தலை குனிந்த நிலையிலோ நடந்தால் பார்வையாளர் எளிதில் சேரமாட்டார்கள். பார்வையாளர் சேராத இடத்தில் அடுத்த ஆட்டக்காரர் பிறக்கமாட்டார். ஆடுகிற இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, சாய்ந்து நின்று வேடிக்கை பார்க்க ஒரு கைப்பிடிச் சுவரோ திண்ணையோ இருப்பதும் அவசியம். வேடிக்கை பார்ப்பதுதான் ஆட்டத்தின் முதல் படி. நியூயார்க் சதுக்கங்களைப் பல ஆண்டுகள் படம் பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட் 1980இல் வெளியிட்ட நூலில் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். தெருக்கலைஞரோ சிற்பமோ மூன்றாவதாக ஒன்று இருந்துவிட்டால், அறிமுகமில்லாத இருவர் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். விளையாட்டு அப்படிப்பட்ட மூன்றாவது பொருள்.

பியானோ படிக்கட்டின் வெற்றியும் வரம்பும்

இந்தத் துறையில் உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஸ்டாக்ஹோமின் ஓடன்பிளான் மெட்ரோ நிலையத்தில் 2009இல் அமைத்த பியானோ படிக்கட்டு. நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த சாதாரணப் படிகளைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, மிதித்தால் சுரம் ஒலிக்கும்படி செய்தார்கள். வழக்கத்தைவிட 66 சதவீதம் அதிகமானோர் படியேறினார்கள் என்று வீடியோ சொன்னது. கோடிக்கணக்கானோர் பார்த்த அந்த வீடியோ, வோல்க்ஸ்வாகன் கார் நிறுவனத்தின் விளம்பர இயக்கத்தில் ஒரு பகுதி.

ஆட்டம் என்ற அளவில் அதன் வடிவமைப்பில் குறை சொல்ல முடியாது. விளக்கப் பலகை வேண்டாம். ஒரு படி மிதித்தால் எல்லாம் புரிந்துவிடும். ஒருவர் ஏறும் ஓசை மற்றவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. முதல் நாள் துள்ளிக் குதித்து ஏறியவர் நூறாவது நாளும் ஏறுவாரா? அந்த 66 சதவீதம் குறுகிய காலக் கணக்கு. தினமும் அதே வழியில் வேலைக்குப் போகிறவருக்குப் புதுமை சீக்கிரம் தேய்ந்துவிடும். மூளை எதிர்பாராததை விரும்பும் உறுப்பு. மிதித்தால் இந்தப் படி இந்தச் சுரம்தான் தரும் என்பது உறுதியாகிவிட்டால், அதைக் கேட்கும் ஆவல் தானாக அடங்கிவிடும்.

இன்னொரு சிக்கல் நோக்கத்தில் இருக்கிறது. ஏறி நடக்க வைக்க, குப்பையைத் தொட்டியில் போட வைக்க, வேகத்தைக் குறைக்க வைக்க என்று நல்ல பழக்கத்துக்குத் தூண்டிலாக ஆட்டத்தைப் பயன்படுத்தும்போது பலரும் புள்ளி, பரிசு, கூப்பன் என்று இறங்கிவிடுகிறார்கள். எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் வெளியிட்ட பரிசோதனை இங்கே எச்சரிக்கையாக இருக்கும். கல்லூரி மாணவர்களுக்குக் கட்டைகளைச் சேர்த்து வடிவம் செய்யும் புதிர்களைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு மட்டும் நடுவில் ஓர் அமர்வில் தீர்த்த புதிருக்கு ஒரு டாலர் கொடுத்தார். அடுத்த அமர்வில் பணம் நின்றது. ஓய்வு நேரத்தில் யாரெல்லாம் தாமாகப் புதிரை எடுக்கிறார்கள் என்று மறைந்திருந்து கவனித்தார்கள். பணம் வாங்கிப் பழகியவர்களின் ஈடுபாடு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. விளையாட்டாகச் செய்ததைக் கூலி வேலையாக்கிவிட்டது அந்த ஒரு டாலர். தெருவிலும் இதே கதைதான்: பரிசு இருக்கும்வரை வருவார்கள், நின்றதும் போய்விடுவார்கள்.

அப்படியானால் புதுமை தேய்ந்த பிறகும் மனிதர்களை ஈர்ப்பது எது? என் முடிவு இது: கருவி தரும் வியப்பு தீர்ந்துவிடும், பக்கத்தில் இருக்கும் மனிதர் தரும் வியப்பு தீராது. இதற்குச் சாட்சி கனடாவில் இருக்கிறது.

இருபத்தோர் ஊஞ்சல்

2011 வசந்த காலத்தில் மாண்ட்ரியால் நகரின் மையத்தில், கட்டுமான வேலைகளுக்கு நடுவே இருந்த ஒரு குறுகலான பொதுவெளியில் 21 ஊஞ்சல்கள் வரிசையாகத் தொங்கின. 'டெய்லி தூ லே ஷூர்' என்ற வடிவமைப்புக் கூடத்தை நடத்தும் மௌனா ஆன்ட்ராவோஸ், மெலிசா மோன்ஜியா இருவரும் அமைத்தவை. ஒவ்வோர் ஊஞ்சலும் ஆடும்போது ஒரு சுரம் தரும். ஒருவர் தனியாக ஆடினால் அந்தச் சுரத்தோடு நின்றுவிடும். பக்கத்து ஊஞ்சல்காரரோடு ஒத்து ஆடினால்தான் சில மெட்டுகள் பிறக்கும். குழுவாக இரை தேடும் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தவரான லுக்-அலென் ஜிரால்டோ என்ற உயிரியலாளரைக் கலந்துதான் இந்த விதியை வகுத்தார்கள். தனித்துச் செய்வதைவிடச் சேர்ந்து செய்வதில் கூடுதல் பலன் இருந்தால் ஒத்துழைப்பு தானாக உருவாகும் என்பது அதன் அடிப்படை.

இங்கே இயற்பியலும் உதவிக்கு வருகிறது. ஊஞ்சல் ஒரு தனி ஊசல். அது ஒருமுறை போய்வரும் நேரத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம். உட்கார்ந்திருப்பவரின் எடை கணக்கில் வராது. இரண்டரை மீட்டர் நீள ஊஞ்சல் மெல்ல ஆடினால், யார் உட்கார்ந்தாலும் மூன்று நொடிக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆகவே எட்டு வயதுச் சிறுமியும் அறுபது வயதுக்காரரும் பக்கத்துப் பக்கத்து ஊஞ்சலில் உட்கார்ந்தால், இருவரும் ஏறக்குறைய ஒரே தாளத்தில்தான் ஆடுவார்கள். ஒருவர் முன்னே போகும்போது மற்றவர் பின்னே போனால், யாராவது ஒருவர் காலைத் தரையில் லேசாக ஊன்றி ஒரு கணம் தாமதித்தால் போதும், இணைந்துவிடலாம். வலிமையோ திறமையோ தேவையில்லை. கவனிக்கத் தெரிந்தால் போதும். பேசாமலே இரண்டு அந்நியர்கள் ஒருவரை ஒருவர் கவனிக்க வேண்டிய கட்டாயத்தை அந்த விதி உருவாக்கிவிடுகிறது. அந்த ஊஞ்சல்கள் பல வசந்தங்களுக்குத் திரும்பத் திரும்பக் கட்டப்பட்டன. வேறு நகரங்களுக்கும் பயணம் போயின.

2019 ஜூலையில் அமெரிக்க, மெக்சிக எல்லைச் சுவரின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே இளஞ்சிவப்பு நிறச் சீசாக்களைச் செருகினார்களே, ரொனால்ட் ராயேல், வர்ஜீனியா சான் ஃப்ராட்டெல்லோ என்ற கட்டடக் கலைஞர்கள், அதுவும் இதே விதியில் இயங்கியதுதான். எதிர்ப்புறம் ஆள் உட்காராவிட்டால் சீசா வெறும் பலகை.

பாதி செய்து விட்ட பொருள்கள்

சுரமும் திரையும் இல்லாமல், வெறும் கான்கிரீட்டையும் கம்பியையும் வைத்து இதைச் சாதித்தவர் டச்சுக் கட்டடக் கலைஞர் ஆல்டோ ஃபான் ஐக். இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆம்ஸ்டர்டாமில் குழந்தைகள் ஏராளம், விளையாட இடம் சொற்பம். நகர வளர்ச்சித் துறையில் வேலை பார்த்த இளைஞரான அவர் 1947இல் பெர்டெல்மன்பிளைன் என்ற சிறு சதுக்கத்தில் முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். அகலமான விளிம்பு வைத்த ஒரு மணல்குழி, தாவிக் குதிக்கச் சில வட்டக் கற்கள், தொங்கிப் புரளக் கம்பி வளைவுகள், பெரியவர்கள் உட்காரப் பெஞ்சு. மக்கள் தங்கள் பகுதிக்கும் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். 1978 வரை, காலி மனைகளிலும் தெருமுனைகளிலுமாக 700க்கும் மேற்பட்ட இடங்கள் உருவாயின. பெரும்பாலானவற்றைச் சுற்றி வேலியே கிடையாது.

அந்தப் பொருள்கள் எதுவும் தன்னை இப்படித்தான் ஆட வேண்டும் என்று சொல்வதில்லை. மணல்குழியின் விளிம்பு ஒரு குழந்தைக்கு மேசை, இன்னொன்றுக்கு ஓடும் பாதை, மாலையில் பாட்டிக்கு இருக்கை. யானை வடிவத்தில் ஒரு சறுக்குமரம் செய்துவிட்டால் அது என்றைக்கும் யானைதான். ஃபான் ஐக் விலங்கு வடிவங்களைத் தவிர்த்ததில் இந்தத் தெளிவு இருக்கிறது.

குதிகற்களைப் பற்றிப் பின்னாளில் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகள் நடந்தன. ஃபான் ஐக்கின் கற்கள் சம இடைவெளியில், ஒழுங்கான வடிவில் இருப்பவை. குழந்தைகளிடமே கற்களைக் கொடுத்து, ஆடுவதற்கு ஏற்றபடி அடுக்கச் சொன்னார்கள். பெரும்பாலான குழந்தைகள் ஒன்று கிட்டத்தில், ஒன்று எட்டத்தில் என்று இடைவெளியை மாற்றி மாற்றி வைத்தார்கள். சம இடைவெளியில் இருந்தால் ஒருமுறை தாவியதும் எல்லாம் தாண்டியாயிற்று. மாறும் இடைவெளியில் ஒவ்வொரு தாவலும் 'முடியுமா' என்ற கேள்வியைக் கேட்கும். ஆம்ஸ்டர்டாம் மேதையின் வடிவமைப்பைக் குழந்தைகள் திருத்திவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பாதி செய்து விட்ட பொருளுக்கு நம் ஊரில் ஆதாரம் தேட வேண்டுமானால் கோயில் மண்டபத் தளத்தையும் பாறைகளையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பல இடங்களில் ஆடு புலி ஆட்டக் கட்டம் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ரோம் நகரின் பழைய பொது மண்டபமான பசிலிக்கா ஜூலியாவின் படிகளிலும் இதுபோல ஆட்டக் கட்டங்கள் கீறப்பட்டுள்ளன. மக்கள் காத்திருக்கும், இளைப்பாறும் இடங்கள் இவை. நம் கட்டத்தில் 23 புள்ளிகள். 3 புலி, 15 ஆடு. காய்க்குப் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும், திருடு போக ஒன்றுமில்லை. ஆடுகிறவர்கள் இருவர், குனிந்து பார்த்து, "அங்கே வைக்காதே, வெட்டுப்படும்" என்று யோசனை சொல்கிறவர்கள் பத்துப் பேர். பார்வையாளருக்கும் வேலை கொடுத்த வடிவமைப்பு. பராமரிப்புச் செலவும் கிடையாது.

சாக்பீஸ் போதும்

இப்போது பல மாநகராட்சிகள் பூங்காவுக்கு என்று வாங்குவது ஒரே மாதிரி வண்ணப் பிளாஸ்டிக் சறுக்குமரம். சுற்றி வேலி, பூட்டு, 'பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் பயன்படுத்தக் கூடாது' என்ற பலகை. ஆட்டத்தைக் குழந்தைகளிடம் கொடுத்து வேலிக்குள் அடைத்துவிட்டால், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கும் நடைப்பயிற்சி முடித்த முதியவருக்கும் அதில் இடமில்லை.

தெருவுக்கு ஓர் ஆட்டம் யோசிப்பவர் தன்னையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். பலகையைப் படிக்காமல் இது புரியுமா? எந்த நொடியில் வேண்டுமானாலும் விலக முடியுமா? தூரத்தில் வருகிறவருக்கு ஆடுகிறவர் தெரிவாரா? இன்னொருவர் வந்து சேர்ந்தால் ஆட்டம் நன்றாகுமா, நெரிசலாகுமா? சேலை கட்டியவரும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் கூச்சப்படாமல் ஆட முடியுமா? இரவு பத்து மணிக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தை இது கெடுக்காமல் இருக்குமா? மழைக்கும் ஆணி அடிக்கிறவருக்கும் தாக்குப்பிடிக்குமா? பந்தைத் துரத்தி யாராவது வண்டிக்கு முன்னால் ஓடும் ஆபத்து இருந்தால் மற்ற எல்லாக் கேள்விகளும் வீண். அந்த இடத்தில் அந்த ஆட்டம் கூடாது.

விடைகள் காகிதத்தில் கிடைக்காது. அதற்கு ஒரு சாக்பீஸ் கட்டி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்கள் காத்திருக்கும் ஓர் இடத்தில் ஒரு பாண்டிக் கட்டத்தையோ, ஒழுங்கில்லாத இடைவெளியில் பத்து வட்டங்களையோ வரைந்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள், எத்தனை பேர் நடையைத் தளர்த்தினார்கள், எத்தனை பேர் காலை வைத்தார்கள், எத்தனை பேர் அறிமுகமில்லாதவரிடம் ஒரு வார்த்தை பேசினார்கள் என்று எழுதுங்கள். நாம் நினைத்தபடி யாரும் ஆடியிருக்கமாட்டார்கள்; தாங்களே ஒரு விதியைக் கண்டுபிடித்திருப்பார்கள். அந்த விதியை ஒட்டி வடிவத்தைத் திருத்தி அடுத்த வாரம் மறுபடி வரைய வேண்டும். லட்சக்கணக்கில் டெண்டர் விடுவதற்கு முன் நகராட்சிப் பொறியாளர்கள் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கட்டும். கடைசி எண்ணிக்கை, அதாவது பேசியவர்களின் எண்ணிக்கை, வாராவாரம் குறையாமல் இருந்தால் அந்தக் கோட்டைக் கல்லில் வெட்டுங்கள். குறைந்தால் அழித்துவிடுங்கள், நஷ்டம் ஒரு சாக்பீஸ் கட்டிதான்.